யாருக்கு என்பது உங்களுக்கு மட்டும்: வாக்கு இரகசியம் பற்றி ஒரு பாடம்

தேர்தல் நெருங்கும் காலத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பிரட்டுக்களத்திலோ கோயில் வாசலிலோ யாராவது ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்: "எந்த லயத்துல எத்தனை ஓட்டு விழுந்துச்சுங்கிற கணக்கு எங்க கையில இருக்கும். விழலைன்னா அப்புறம் ரோட்டுக்கும் தண்ணிக்கும் எங்ககிட்ட வரவேணாம்."

அன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "அக்கா, நம்ம யாருக்குப் போட்டோம்னு அவுங்களுக்கு மெய்யாலுமே தெரிஞ்சிருமா?" மூத்தவர் ஒருவர் பதில் சொல்வார்: "எதுக்கு வம்பு? அவுங்க சொல்றதுக்கே போட்டுட்டு வந்துருவோம்."

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தருவதே இப்பாடத்தின் நோக்கம். பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை எவராலும் அறிய முடியாது. உங்கள் லயம் யாருக்கு வாக்களித்தது என்பதையும் அறிய முடியாது. அவ்வாறு அறிய முடியாதபடிதான் வாக்களிப்பும் எண்ணிக்கையும் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. ஆனால் இந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாவிட்டால், வெறும் பேச்சே நம்மைப் பயமுறுத்திவிடும். எனவே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. இரகசிய வாக்கு யாருக்காக வந்தது?

வாக்கு என்பது எப்போதும் இரகசியமாக இருந்ததில்லை. பிரித்தானியாவில் 1872ஆம் ஆண்டு வரை வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் தம் வேட்பாளரின் பெயரை வாயால் சொல்லவேண்டும். எழுதுநர் அதை ஒரு புத்தகத்தில் பதிந்துகொள்வார். நிலச் சொந்தக்காரரும் அவருடைய ஆட்களும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

1868ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வேல்ஸ் பகுதியின் கார்டிகன்ஷயர், கார்மர்தன்ஷயர் ஆகிய மாவட்டங்களில் குத்தகை விவசாயிகள் பலர் தங்கள் நிலச் சொந்தக்காரரின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தார்கள். அதற்குத் தண்டனையாக அவர்களில் பலர் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பரம்பரையாக உழுத நிலத்தையும் குடியிருந்த வீட்டையும் ஒரு வாக்குக்காக இழந்தார்கள். அவர்களும் நம்மைப் போல் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள்தான். இந்த அநியாயம் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமாக வைக்கப்பட்டது. 1872இல் இரகசிய வாக்குச் சட்டம் நிறைவேறுவதற்கு அது ஒரு முக்கிய காரணமாயிற்று. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் இம்முறை 1856ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

வேல்ஸ் விவசாயிகள் வாக்களித்த அந்தத் தேர்தலுக்கு முந்திய ஆண்டில், அதாவது 1867இல்தான், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் நமது மலைநாட்டின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிடத் தொடங்கினார். அதாவது, நம் முன்னோர் லயத்தில் குடியேறிய அதே காலத்தில், கடலுக்கு அப்பால் உள்ள ஏழை விவசாயி தன் வாக்கை மறைத்து வைக்கும் உரிமைக்காக விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த வீடும் உள்ளவர் வெளிப்படையாக வாக்களித்தாலும் அவரை யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. பிறருடைய நிலத்தில் குடியிருப்பவருக்கும் பிறருடைய தயவில் வேலை செய்பவருக்கும்தான் இரகசியம் தேவை. லயக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை. மரக்கறி போடும் துண்டு நிலத்துக்குப் பலரிடம் உறுதி இல்லை. இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே இரகசிய வாக்கு முதன்மையாக நம்மைப் போன்றவர்களுக்காகவே உண்டானது.

2. நமது நாட்டில் வந்த வழி

இலங்கையில் 1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை. நிரந்தர வதிவு பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அன்றைய அரசாங்க சபைத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுக்கப்பட்டது. அந்தந்த நிறத்தில் தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வாக்காளர் தாம் விரும்பியவரின் நிறப் பெட்டியில் சீட்டைப் போடவேண்டும். எழுத்தறியாதவர்களுக்கு இது வசதியாக இருந்தது. ஆனால் சீட்டில் குறி ஒன்றும் இடவேண்டியதில்லை ஆதலால், அதைப் பெட்டியில் போடாமல் மறைத்து வெளியே கொண்டுவந்து இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு இடமிருந்தது. பிற்காலத்தில் எல்லாப் பெயரும் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டு, எல்லோருக்கும் ஒரே பெட்டி என்ற முறை வந்தது.

1947ஆம் ஆண்டு முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் சென்ற திசையைக் கண்ட அச்சமே இதற்கு ஒரு காரணம் என்று வரலாறு எழுதியவர்கள் பலர் கூறியுள்ளார்கள்.

அதன் பின் 1964, 1974 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் நம் குடும்பங்களைப் பிரித்தன. ஒரு பகுதியினர் கப்பலேறி நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் போனார்கள். எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை நீக்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வந்தன. நமது பெரியவர்கள் இந்த வாக்கைப் பெறுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். அதனை ஒரு மிரட்டலுக்குப் பயந்து பிறர் கையில் கொடுத்துவிடலாமா என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

3. வாக்களிப்பு நிலையத்துக்குள் நடப்பது

பெரும்பாலும் தோட்டப் பாடசாலையே நமது வாக்களிப்பு நிலையம். உள்ளே போனதும் அலுவலர் உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார். இடாப்பில் உள்ள உங்கள் இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசிப்பார். கட்சிகளின் முகவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். பின்பு விரலில் மை பூசுவார்கள். வாக்குச்சீட்டைத் தருவார்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்கு ஐயம் வருகிறது. "பேரை வாசிக்கிறாங்க, சீட்டுல நம்பர் இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா தெரிஞ்சிராதா?" என்று கேட்பார்கள். இடாப்பில் உங்கள் பெயருக்கு நேரே இடப்படும் அடையாளம், நீங்கள் ஒரு சீட்டைப் பெற்றீர்கள் என்பதை மட்டுமே காட்டும். எந்தச் சீட்டைப் பெற்றீர்கள் என்பதை அது காட்டாது. எனவே இடாப்பையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இரண்டையும் பொருத்த முடியாது. மேலும் அங்கே கடமையில் உள்ள அலுவலர்களும் முகவர்களும் இரகசியத்தைப் பேணுவதாக எழுத்தில் உறுதி கொடுத்தவர்கள்.

அடுத்து, தடுப்புக்குப் பின்னால் போவீர்கள். அங்கே நீங்கள் மட்டும்தான். கணவரோ மனைவியோ தலைவரோ அங்கே வரக்கூடாது. சீட்டில் அடையாளம் இட்டு, மடித்து, பெட்டியில் இடுவீர்கள். அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாக்களிக்கப் போனீர்களா இல்லையா என்பது தெரியும். விரலில் மை இருக்கிறது; முகவர் பட்டியலில் குறி இருக்கிறது. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது தெரியாது. ஆகவே பயந்து வீட்டில் இருந்துவிடுவதால் எதையும் மறைக்க முடியாது. வராதவர்தான் அடையாளம் காணப்படுவார். போய் வாக்களித்தவரின் மனம் மறைந்தே இருக்கும்.

சீட்டில் உங்கள் பெயரையோ கையொப்பத்தையோ, உங்களை இன்னார் என்று காட்டும் வேறு எதையுமோ எழுதினால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். "நான் உங்க ஆளுதான்னு தெரியட்டும்" என்று பெயரை எழுதுகிறவர் தம் வாக்கையே இழந்துவிடுகிறார்.

4. பெட்டி போன பிறகு நடப்பது

"நம்ம பேரு தெரியாது, சரி. நம்ம தோட்டத்துக் கணக்கு தெரிஞ்சிருமே?" என்பது அடுத்த கேள்வி. மிரட்டுகிறவர்கள் பிடித்துக்கொள்வதும் இதைத்தான்.

ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிப்பு நிலையத்தில் வாக்குகள் எண்ணப்படுவதில்லை. முத்திரையிட்ட பெட்டிகள் வாக்கெண்ணும் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. ஒரு எண்ணும் மண்டபத்துக்குப் பல வாக்களிப்பு நிலையங்களின் பெட்டிகள் வரும். முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டுகள் உள்ளன என்று மட்டும் பார்க்கப்படும். அதன் பின் அத்தனை பெட்டிகளின் சீட்டுகளும் ஒன்றாகக் கலக்கப்படும். கலந்த பிறகே யாருக்கு எத்தனை என்று பிரித்து எண்ணுவார்கள்.

மேட்டு லயத்துக் கொழுந்தையும் பணிய லயத்துக் கொழுந்தையும் ஒரே லொறியில் ஏற்றி ஸ்டோரில் கொட்டிய பின், எந்த இலை எந்தக் கூடையிலிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இதுவும் அப்படித்தான்.

இவ்வாறு எண்ணப்பட்டவை கூட்டப்பட்டு, தேர்தல் தொகுதி வாரியாகவே பெறுபேறு வெளிவரும். அக்கரப்பத்தனை உள்ளடங்கிய நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதி நாட்டின் மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று. அங்கே 3 இலட்சத்துக்கும் அதிகமான வாக்காளர் உள்ளனர். அந்த மொத்தத்தைப் பார்த்து ஒரு லயத்தின் மனதை அறிவது எவராலும் ஆகாத காரியம்.

பாராளுமன்றத் தேர்தலில் இன்னொரு மிரட்டலும் உண்டு. "இந்த மூணு இலக்கத்துக்கே விருப்பு வாக்குப் போடு. எண்ணுறப்ப நாங்க பார்த்துக்குவோம்" என்பார்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 உறுப்பினர்கள். ஒவ்வொரு பட்டியலிலும் 11 பெயர்கள் இருக்கும். அதே மூன்று இலக்கங்களை வேறு தோட்டத்து மக்களும் இட்டிருக்கலாம். கலக்கப்பட்ட சீட்டுகளுக்குள் ஒன்றை எடுத்து, இது இன்னார் வீட்டுச் சீட்டு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் "கணக்கு எங்க கையில" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய் அல்ல. வேறொரு தேர்தலுக்கு உரியது. அக்கரப்பத்தனைப் பிரதேச சபை தனிச் சபையாக அமைந்து முதல் தேர்தலை 2018இல் கண்டது. அடுத்த தேர்தல் 2025 மே மாதம் நடந்தது. வட்டார முறையில் நடந்த இந்த உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்களிப்பு நிலையங்களிலேயே வாக்குகள் எண்ணப்பட்டன. ஆகவே ஒரு பாடசாலையில் வாக்களித்தவர்களுள் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது உள்ளூரில் தெரிய வந்தது. அப்போதும் தனி ஆளின் வாக்கு தெரியாது. கூட்டத்தின் கணக்குத்தான் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, தேசியத் தேர்தலிலும் அப்படியே தெரியும் என்று சிலர் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். உள்ளூராட்சித் தேர்தல் வேறு, தேசியத் தேர்தல் வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

நீலகிரியிலும் கூடலூரிலும் உள்ள நம் உறவினரின் நிலைமையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் வாக்கு இயந்திரம் வந்த பின் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் கணக்கும் தனித்தனியாக வெளியாகிறது. எந்த ஊர் யாருக்கு வாக்களித்தது என்பதை அரசியல்வாதிகள் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. காகிதச் சீட்டு இருந்த காலத்தில் அங்கும் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது. பல இயந்திரங்களின் கணக்கைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியை இந்தியத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணைக்குழுவும் 2015இல் அதனைப் பரிந்துரை செய்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. பெரிய நாட்டிலே கேட்டும் கிடைக்காத ஒரு பாதுகாப்பு, தேசியத் தேர்தலில் நமக்கு இருக்கிறது.

5. இடம்பெயர்ந்தவர்களுக்கு உள்ள சிக்கல்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. 1977, 1981, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய் விவசாயம் செய்து, அங்கும் யுத்தத்தால் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் உள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலையக மாவட்டங்களில் பல குடும்பங்களை வீட்டை விட்டு எழுப்பியது. இடம்பெயர்வு ஒரு முறையோடு முடிந்துபோகும் காரியமாக இல்லை.

முதல் சிக்கல், சிறு கூட்டமாக வாக்களிக்கும்போது கூட்டமே வெளியில் தெரிவது. 2010ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்டப் பெறுபேற்றில் 'இடம்பெயர்ந்தோர் வாக்குகள்' என்று ஒரு தனி வரி இருந்தது. தனி ஆளின் வாக்கு அப்போதும் மறைந்தே இருந்தது. ஆயினும் முகாம்களிலும் அகதிக் குடியிருப்புகளிலும் இருந்தவர்கள் எந்தப் பக்கம் என்பது நாட்டுக்கே தெரிந்தது. கலந்து எண்ணுவது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது. இடம்பெயர்ந்தோருக்காகத் தனி ஒழுங்கு கேட்கும் அமைப்புகள், எண்ணும்போது அவர்களுடைய சீட்டுகளைப் பிறருடையவற்றோடு கலக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், பதிவு ஓரிடமும் வாழ்வு ஓரிடமுமாக இருப்பது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னாரில் பதிவு வைத்திருந்தார்கள். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் அன்று அவர்கள் வாக்களிப்பதற்காகப் பஸ்களில் மன்னாருக்குப் போனபோது, தந்திரிமலைப் பகுதியில் அந்தப் பஸ்கள் தாக்கப்பட்டன. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. அவர்கள் தொடர்ந்து போய் வாக்களித்தார்கள். பதிவு தூரத்தில் இருந்தால் இரகசியத்துக்கு முன்பே ஆபத்து வழியிலே காத்திருக்கலாம் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

மூன்றாவது சிக்கல், ஆவணம். மீரியபெத்தை மண்சரிவு நடந்து ஏறக்குறைய 10 வாரத்தில், 2015 ஜனவரி 8ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் வந்தது. வீட்டோடு அடையாள அட்டையும் மண்ணுக்குள் போனவர், தேர்தலுக்கு முந்திய வாரத்தில் ஓடினால் வேலை நடக்காது. அட்டையை இழந்தவர்கள் கிராம உத்தியோகத்தர் மூலமாக உடனே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் காலத்தில் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை வழங்குகிறது. அதற்கும் கிராம உத்தியோகத்தர் வழியாகவே புகைப்படத்துடன் விண்ணப்பிக்கவேண்டும்; இறுதித் திகதியும் உண்டு. தபாலில் வரும் வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டாலும், இடாப்பில் பெயரும் கையில் ஏற்கத்தக்க அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் வாக்காளர் அட்டையை மட்டும் கொண்டுபோனால் போதாது.

இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. திருத்தும்போது படிவத்தில் வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய எல்லோருடைய பெயரும் எழுதப்பட்டதா என்று பாருங்கள். ஒரே லயத்தில் பல குடும்பங்கள் ஒரே முகவரியில் இருப்பதால் பெயர்கள் தவறிவிடுவதுண்டு. பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும்போது பெயர் இல்லையெனில் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே பதிவு வைத்திருக்கலாம். இடம்பெயர்ந்தவர், பழைய இடத்துப் பதிவை வைத்துக்கொள்வதா, இப்போது வாழும் இடத்தில் பதிவதா என்பதைக் குடும்பமாக யோசித்து, கிராம உத்தியோகத்தரிடமோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கேட்டு முடிவு செய்யவேண்டும். முடிவு செய்யாமல் இருந்தால் இரண்டு இடத்திலும் பெயர் இல்லாமல் போய்விடும்.

வெளியிடத்தில் வேலை செய்பவர்கள் எழுத்து மூலம் கேட்டால், சம்பளக் குறைப்பு இல்லாமல் குறைந்தது 4 மணித்தியாலம் விடுமுறை கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். தூரத்துக்கு ஏற்ப அதிக நாட்கள் கொடுக்கவேண்டும் என்று ஆணைக்குழு அறிவுறுத்தியுள்ளது.

6. இரகசியத்தை நாமே உடைக்கும் வழிகள்

சட்டம் கட்டிய வேலியை வெளியாள் வெட்டுவதைவிட நாமே திறந்துவிடுவதுதான் அதிகம்.

அ. கைத்தொலைபேசி. "சீட்டைப் படம் எடுத்துட்டு வந்து காட்டு, காசு தாறோம்" என்பார்கள். வாக்களிப்பு நிலையத்தில் தொலைபேசி பாவிப்பதும் படம் எடுப்பதும் தடை. படம் எடுத்தவரே குற்றவாளியாவார். காசு கொடுத்தவர் வெளியே நிற்பார்.

ஆ. சங்கிலி வாக்கு. ஒருவர் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவருவார். வெளியில் இருப்பவர் அதில் குறி இட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். அடுத்தவர் அதைப் போட்டுவிட்டுத் தம்முடைய வெற்றுச் சீட்டைக் கொண்டுவருவார். இப்படியே தொடரும். சீட்டை வெளியே கொண்டுவருவது குற்றம். ஒருவர் மறுத்தாலே சங்கிலி அறுந்துவிடும்.

இ. பொய்யான உதவி. "பாட்டிக்குக் கண்ணு தெரியாது, நான் போட்டுக் குடுக்கிறேன்" என்று தலைவர் ஒருவர் முன்வரலாம். கண்பார்வை குறைந்தவரும் உடல் இயலாதவரும் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போக 2011ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. அதற்குரிய தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே பெறவேண்டும். துணையாளைத் தெரிவு செய்யும் உரிமை பாட்டிக்கு உரியது, தலைவருக்கு உரியதல்ல. எழுதப் படிக்கத் தெரியாமை இதற்குக் காரணமாகாது. அதற்காகத்தான் சின்னம் இருக்கிறது.

ஈ. அட்டைகளைச் சேர்த்து வாங்குதல். வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. "பத்திரமா வச்சிருக்கோம்" என்பவரிடமும் கூடாது.

உ. நமது வாய். வாக்களித்துவிட்டு வந்து தவறணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் எந்தச் சட்டத்தாலும் காப்பாற்ற முடியாது. கேட்பவரிடம், "அது பெட்டிக்குள்ள போயிருச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகுங்கள்.

சாராயமும் சாப்பாடும் கொடுத்து வாக்குக் கேட்பது, காசு கொடுப்பது, வேலையையோ வீட்டையோ பறிப்பதாகப் பயமுறுத்துவது ஆகிய யாவும் சட்டப்படி தேர்தல் குற்றங்கள். கொடுத்ததை வாங்கிவிட்டோமே என்று மனச்சாட்சி உறுத்துகிறவர்கள் உண்டு. வாக்கை விற்பது தவறுதான். வாங்காமல் இருப்பதே நல்லது. ஆனால் ஒரு தவறைச் சரியாக்குவதற்காக இன்னொரு தவறைச் செய்யத் தேவையில்லை. தடுப்புக்குப் பின்னால் நிற்கும்போது உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு மட்டுமே நீங்கள் கடன்பட்டவர்.

7. முடிவாக

ரோடும் தண்ணீரும் வீடும் எவருடைய சொந்தப் பணத்திலும் வருவதில்லை. அவை பொதுப் பணத்தில் வருபவை. "ஓட்டுப் போட்டால்தான் தருவோம்" என்று சொல்கிறவர், நமக்கு உரியதையே நமக்கு விலைக்கு விற்கப் பார்க்கிறார். நமது வாக்கு எங்கே விழுந்தது என்று தெரியாதவரையில் எல்லாக் கட்சிக்காரரும் நம் லயத்துக்கு வந்து கேட்டாக வேண்டும். தெரிந்துவிட்டால், ஒருவர் நம்மைத் தம் சொத்து என்று நினைப்பார். மற்றவர் நம்மைத் திரும்பியே பாரார். இரகசியம் தனி ஆளுக்குப் பாதுகாப்பு. ஒரு சமூகத்துக்கு அது பேரம் பேசும் பலம்.

குழுவாக அமர்ந்து கலந்துரையாட:

1. கடந்த தேர்தல்களில் "உங்க ஓட்டு எங்களுக்குத் தெரியும்" என்று யாராவது நம்மிடம் சொன்னார்களா? இப்போது அவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

2. தேசியத் தேர்தலில் வாக்கு எண்ணும் முறைக்கும் பிரதேச சபைத் தேர்தலில் எண்ணும் முறைக்கும் உள்ள வேறுபாட்டை, பாடசாலை செல்லாத ஒருவருக்கு விளங்கும்படி உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிக் காட்டுங்கள்.

3. நமது லயத்தில், அல்லது நாம் தங்கியுள்ள இடத்தில், 18 வயது நிரம்பியும் இடாப்பில் பெயர் இல்லாதவர் யார்? அடையாள அட்டையை இழந்தவர் யார்? பட்டியல் எழுதி, யார் யாரை எந்த நாளில் கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்வது என்று இன்றே தீர்மானியுங்கள்.

4. வீட்டுக்குள்ளேயே "நான் சொல்றவருக்குப் போடு" என்று கட்டளை இடுகிறவர்கள் உண்டா? தலைவருக்கு மறைக்கவேண்டிய வாக்கைக் கணவருக்குக் காட்டவேண்டுமா? பெண்கள் முதலில் பேச, ஆண்கள் பிறகு பேசட்டும்.